அப்பா மடியில் பூனை

நாரின்
நவம்பர் 9

அண்ணா,

நீ பையைத் தூக்கிச் சதீரின் வண்டியில் எறிந்த அன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்ற எதுவும் எழுத வராது.

பூனையின் வாயை எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்லவில்லை. மருந்துப் புட்டியை என் கையில் திணித்து, "பாத்துக்குவ இல்ல?" என்றாய். "ம்" என்றேன். அந்த "ம்"முக்குள் பயம் மட்டும்தான் இருந்தது. அப்பா கொட்டகைக்குப் போய்விட்டார் என்று நீ நினைத்தாய். போகவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருந்தார். அதையும் சொல்லவில்லை. "சாகப்போற பூனைக்கு எதுக்கு மருந்து? சதீர்கிட்ட துப்பாக்கி இருக்கு" என்று அவர் சொன்னது கொடுமைதான். அதற்காக, "அவர் படுக்கையில விழும்போது நானும் இதையேதான் சொல்வேன்" என்று ஒரு மகன் சொல்லலாமா என்று கேட்க வாயெடுத்தேன். சதீர் வண்டியைக் கிளப்பிவிட்டான். அந்தப் பனி ஒதுக்கும் வண்டியின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்டிருக்காது.

இனி இல்பிர்ஸ். பனிச்சிறுத்தையின் பெயரை வைத்தாயே, அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி இப்போது அதனிடம் மீதி இருப்பது உறுமல் மட்டும்தான். பின்னங்கால் மூட்டு இரண்டும் விறைத்துப்போய் நடக்கிறது. நீ கொடுத்த வலி மருந்து தேன் மாதிரி இனிக்கிறது போலிருக்கிறது, தானாகவே நக்கிவிட்டது. இரண்டு நாள் நன்றாக இருந்தது. ஜன்னல் விளிம்பில்கூட ஏறியது. அப்புறம் வாந்தி. மஞ்சள் நுரை. இப்போது கறித் துண்டை முகர்ந்துவிட்டு, அது என்னவோ நான் செய்த தப்பு போல என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது.

இது நோயா, மருந்தா? வலி போனதால் வயிறு கெட்டதா, வயிறு கெட்டதால் வலி மறந்ததா? எனக்குப் புரியவில்லை. இங்கே உள்ள கால்நடை வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனேன். ஆடும் குதிரையும் பார்த்தே பழகியவர். "எடை என்ன?" என்றார். சொன்னேன். "ஒரு ஆட்டுத் தொடைகூட இதவிடக் கனமாச்சேம்மா" என்று சிரித்தார். ஊசி எடுத்து, அளவு தெரியாமல், ஊசியை வைத்துவிட்டார். நல்ல மனிதர்.

அப்பா தேநீர் குடித்துக்கொண்டே கேட்டார்: "என்ன சொன்னான் வைத்தியன்?"

"ஒண்ணும் சொல்லல."

"அவனாவது விவரமானவன்."

பேகிமாய்

*

கணவாய் நிலையம்
நவம்பர் 17

பேகி,

வாந்தின்னா அந்த மருந்தை உடனே நிறுத்து. வெறும் வயித்துல கொடுத்தியா? அது வயித்தைப் பிடுங்கும்னு பிஷ்கேக்ல இருக்கிற பூனை டாக்டரம்மா எங்கிட்ட சொன்னாங்க. உங்கிட்ட நான் சொன்னேனா இல்லையான்னு ஞாபகம் இல்ல. கோவத்துல கிளம்பினேன். அவங்க நம்பர் அடுப்புப் பக்கத்து அலமாரிக் கதவுல எழுதியிருக்கு. போன் பண்ணு. நல்லாத் திட்டுவாங்க, கேட்டுக்கோ.

வலி இருக்கான்னு எப்படித் தெரியும்னா, மூஞ்சியப் பாரு. நாலு காலையும் உள்ள மடக்கி, கண்ணப் பாதி மூடி, தூங்கற மாதிரி தூங்காம உக்காந்திருந்தா வலி. முதுகை நக்காம விட்டா வலி. கத்தவே கத்தாது. இங்க நிலையத்துல குட்டியா இருந்தப்ப கதவுல வால் மாட்டி நசுங்கிச்சு, அப்பக்கூடக் கத்தல. அன்னைக்குத்தான் சிறுத்தைன்னு பேரு வெச்சேன்.

இங்க பனி இடுப்பு வரைக்கும். காலையில ரேடியோவுல கீழ ஆபீசுக்குப் பனி அளவும் காத்தும் படிக்கிறேன். ஊர்ல இருக்கிற ரேடியோ எல்லாம் அதைக் கேக்குது, அதனால வேற எதுவும் பேச முடியாது. சதீர் வரும்போது எழுதிக் கொடுத்தனுப்பு.

அப்பாவப் பத்தி எழுதாத.

ஜோமார்த்

*

நாரின்
நவம்பர் 28

அண்ணா,

திட்டு வாங்கினேன். "நீங்க படிச்ச பொண்ணுதானே?" என்றார் டாக்டரம்மா. பத்திரிகையில் பிழை திருத்துகிறேன் என்றேன். "அப்ப இதையும் திருத்துங்க" என்றார். பழைய மருந்தை நிறுத்தியதும் மூன்றாம் நாள் வாந்தி நின்றது. சாப்பாடு திரும்பியது. கூடவே வலியும் திரும்பியது. நீ சொன்னபடியே மடங்கி உட்கார்ந்து, தூங்காமல் தூங்கியது.

இப்போது வேறு மருந்து. மனிதர்களுக்கு நரம்பு வலிக்குக் கொடுக்கும் குளிகை. அதைப் பிரித்து, பொடியைக் கத்தி நுனியில் மிகச் சிறிதாக எடுத்து, ஆட்டு வால் கொழுப்பில் உருட்டி, காலையும் மாலையும் கொடுக்கிறேன். தூக்கம் வரும், நடை கொஞ்சம் தள்ளாடும், சில நாளில் பழகிவிடும் என்றார்.

பழகவில்லை. நாளுக்கு நாள் மோசம். நேற்று அப்பாவின் பூட்சுக்குள் தலையை விட்டு, அப்படியே நின்றது. எடுத்து வெளியே விட்டேன். சுவர் மூலைக்குப் போய், மூலையையே பார்த்துக்கொண்டு நின்றது. நடக்கும்போது பின்பக்கம் ஒரு பக்கமும் முன்பக்கம் ஒரு பக்கமும் போகிறது, கல்யாண வீட்டிலிருந்து வரும் சதீர் மாதிரி. டாக்டரம்மா அளவைப் பாதியாக்கச் சொன்னார். ஆக்கினேன். இன்னும் அதிகமாகத் தூங்குகிறது! மறுபடியும் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். அன்று தண்ணீர்க் கிண்ணத்திலேயே முகத்தை வைத்துத் தூங்கிவிட்டது. நான் பார்க்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

"நீங்க சொல்றத நம்பறேன்மா, உங்க பூனையத்தான் நம்ப முடியல" என்றார் டாக்டரம்மா. மருந்தைக் குறைக்கக் குறைக்க மயக்கம் கூடினால் அது மருந்தின் வேலை அல்ல, உள்ளே வேறு என்னவோ நடக்கிறது என்கிறார். மூளையாக இருக்கலாம், சிறுநீரகமாக இருக்கலாம்.

அப்பாவைப் பற்றி எழுதாதே என்றாய். இது பூனையைப் பற்றியது, அப்பா நடுவில் வருகிறார். முந்தாநாள் ஒரு விருந்துக்குப் போனவர், வழக்கம்போல் வீட்டில் இருப்பவர்களுக்கென்று துணியில் கட்டிய பங்கோடு வந்தார். எனக்கு ஒரு விலா எலும்பு. இன்னொரு பொட்டலம் சின்னதாக இருந்தது. "யாருக்கு?" என்றேன். "உனக்கெதுக்கு?" என்றார். நான் மாவு பிசையப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால், அடுப்புப் பக்கத்தில் அந்தப் பழைய லாரி இருக்கையில் அப்பா உட்கார்ந்திருக்கிறார், மடியில் இல்பிர்ஸ். ஈரலை மென்று மென்று விரலால் ஊட்டுகிறார். என்னைப் பார்த்ததும், "இது தானா ஏறிச்சு" என்றார்.

அதனால் ஏற முடியாது அண்ணா. ஒரு படிகூட ஏற முடியாது.

அப்பாவும் எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறார். கேட்டால், "முப்பது வருஷம் லாரி ஓட்டின முதுகு, சத்தம் போடத்தான் செய்யும்" என்கிறார்.

பேகிமாய்

*

கணவாய் நிலையம்
டிசம்பர் 6

பேகி,

உன் கடிதத்தை இன்னைக்கு மறுபடியும் படிச்சேன். அப்பா மடியில பூனையா?

பூனை வாய் வெச்ச பாத்திரத்தை முற்றத்துல தூக்கிப் போட்டவர். எனக்கு நினைவு தெரிஞ்சு ஒரு தடவைகூட அதத் தொட்டதில்ல, காலால தள்ளினதத் தவிர.

சரி, அப்பாவப் பத்தி எழுது. என்ன சாப்பிடறார்? வெள்ளிக்கிழமை மசூதிக்கு நடந்து போறாரா, யாராவது கூட்டிட்டுப் போறாங்களா? முதுகு மட்டும்தானா?

நேத்து ரேடியோவுல அளவு படிச்சு முடிச்சதும், வழக்கத்துக்கு மாறா ஆபீஸ்காரர்கிட்ட, "எங்கப்பாவப் பாத்தீங்களா?"ன்னு கேட்டேன். ஒரே இரைச்சல். அப்புறம், "நல்லாயிருக்கார், நல்லாயிருக்கார்"னார். ரெண்டு தடவை சொன்னார். எதுக்கு ரெண்டு தடவை?

நேரா எழுது.

ஜோமார்த்

*

நாரின்
டிசம்பர் 14

அண்ணா,

அப்பா நன்றாக இருக்கிறார். நூடுல்ஸ் சூப் குடிக்கிறார், ரொட்டி தின்கிறார், வெள்ளிக்கிழமை நடந்துதான் போகிறார். உன்னைக் கேட்டார். "மேல காத்து எப்படியாம்?" என்றார். இதற்கு மேல் நேராக எப்படி எழுதுவது?

நன்றாக இல்லாதது இல்பிர்ஸ்தான். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், மூன்று தாள் கிழித்தாகிவிட்டது. அது இப்போது பெரும்பாலும் எழுந்திருப்பதே இல்லை. உன் பழைய கம்பளிச் சட்டையை மடித்து அடுப்போரம் போட்டிருக்கிறேன், அதில்தான் கிடக்கிறது. கூப்பிட்டால் காது மட்டும் திரும்புகிறது. மருந்து இப்போது இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்குத்தான் கொடுக்கிறேன். அப்படியும் கண்ணின் உள்மூலையில் பூனைக்கு இருக்கும் அந்த மூன்றாவது இமை பாதி ஏறி நிற்கிறது. பக்கத்து வீட்டுக் கலிபா அக்கா வந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டுப் போனார்.

டாக்டரம்மாவுடன் வேலை செய்யும் ஒருவர் இருபத்து மூன்றாம் தேதி குதிரைப் பண்ணைக்கு இந்தப் பக்கம் வருகிறாராம். வீட்டுக்கு வந்து, வலி தெரியாமல் முடித்துவிடுவார். "மருந்து இல்லாமலே இப்படி இருக்குன்னா, வெச்சிருக்கறது அதுக்குச் செய்யற உபகாரம் இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. எத்தனையோ புத்தகம் படித்தவள், ஒரு பூனை தூங்குகிறதா சாகிறதா என்று சொல்லத் தெரியவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். சதீரின் துப்பாக்கியை ஞாபகப்படுத்துவார் என்று நினைத்தேன். "ஜோமார்த்தக் கேக்காம எதுவும் செய்யாத" என்றார். சொல்லிவிட்டு வெளியே போய், யாரும் கேட்காத விறகைப் பிளந்தார்.

ஆகவே நீ சொல். அவசரப்பட்டு வராதே, சாலை சரியில்லை என்று சதீரே சொல்கிறான். ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். அமைதியாக யோசித்து, மனதைத் திடப்படுத்திக்கொண்டு எழுது.

பேகிமாய்

*

கணவாய் நிலையம்
டிசம்பர் 20

பேகி,

நீ நல்லா எழுதுற. ஆனா நானும் இந்த ஊர்லதான் பொறந்தேன்.

நம்ம பக்கத்துல சாவுச் செய்தியை யாரும் நேரா சொல்றதில்ல. போன வருஷம் நிலையத்துல என்கூட வேலை பாக்கிற தலாய்க்கு அவன் அம்மா போனதைச் சொல்ல ஊர்லேர்ந்து மூணு பேர் வந்தாங்க. நானும் கூட உக்காந்திருந்தேன். பெரியவர் தேநீர் குடிச்சு முடிச்சு, "உங்க வீட்டுப் பெட்டைக் குதிரை நொண்டுது தம்பி, தீனி எடுக்க மாட்டேங்குது"ன்னு ஆரம்பிச்சார். அப்புறம் குதிரை படுத்துச்சு. அப்புறம் தலையச் சாய்ச்சுச்சு. குதிரை சாகறதுக்கு முன்னாடியே தலாய் முகத்தை மூடிட்டான். நீ குதிரைக்குப் பதிலா பூனைய வெச்சிருக்க. எனக்குப் பிடிச்சதா பாத்து வெச்சிருக்க.

முதல்ல வாந்தி, சாப்பாடு எடுக்கல. அப்புறம் தள்ளாட்டம். சுவரைப் பிடிச்சு எழுந்திருக்கிறார்னு ஒரு தடவை வாய் தவறி உண்மையையே எழுதிட்ட. அப்புறம் என் சட்டை மேல படுத்திருக்கு, கூப்பிட்டா காது மட்டும் திரும்புது, கலிபா அக்கா வந்து பாத்துட்டுப் போனாங்க. பூனையப் பாக்க எந்த ஊர்ல பக்கத்து வீட்டுக்காரி வருவா? "மனதைத் திடப்படுத்திக்கொண்டு"ன்னு பூனைக்கு யார் எழுதுவா?

அவர் என்னைக் கேட்டாராம். உயிரோட இருக்கிற அப்பா என்னைக் கேக்கமாட்டார், பேகி.

நான் கடைசியா அவரப் பத்திச் சொன்னது என்னன்னு உனக்குத் தெரியும். அவர் கதவுக்குப் பின்னால நின்னார்னு நீதான் எழுதின. அன்னைலேர்ந்து அந்த வார்த்தை என் வாயிலயே இருக்கு, சாப்பாடு எல்லாம் அதோட ருசியாத்தான் இருக்கு.

இதை இன்னைக்குக் கீழ போற லாரியில கொடுக்கறேன். சதீர் இருபத்து ரெண்டாம் தேதி வர்றான். மேலதிகாரி அனுமதி கொடுத்தாலும் கொடுக்காட்டியும் அவனோட வர்றேன். மண்ணு போட்டிருந்தா போடட்டும், மகன் வரலன்னு ஊர் பேசக் கூடாது. முறையா வருவேன்.

ஜோமார்த்

*

நாரின்
டிசம்பர் 29

அண்ணா,

நீ லாரியில் கொடுத்த கடிதம், நீ வந்ததற்கு மறுநாள் வந்தது. நீயும் அப்பாவும் முற்றத்தில் பனி வாரிக்கொண்டிருந்தபோது அடுப்படியில் நின்று படித்தேன். பூட்ஸோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா, இன்றைக்கும் பிடிபடவில்லை. உன்னிடம் அப்போது காட்டவில்லை.

உன் பக்கத்திலிருந்து அந்த மதியத்தை நீ பார்த்திருப்பாய். கண்ணில் நீர் இருந்தவன் எவ்வளவு பார்த்திருப்பான்? உள்ளே இருந்தவள் நான், எழுதுகிறேன்.

நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். தெருமுனையிலிருந்து ஒரு குரல். ஆண்கள் சாவு வீட்டை நெருங்கும்போது போடும் அந்த ஓலம், "ஐயோ என் அப்பா, என் மலையே அப்பா!" என்று. யார் வீட்டிலோ சாவு என்று நினைத்தேன். பாவம், யாருடைய மகனோ, நல்ல குரல் என்றுகூட நினைத்தேன். ஓலம் கிட்டே வந்தது. கலிபா அக்கா வெள்ளைத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டே ஓடிவந்தார், பின்னால் நாலைந்து பெண்கள். ஒருத்தி கையில் தேநீருக்கு வெந்நீர் போடும் சமோவார். "நேத்துக்கூட ரொட்டி வாங்கிட்டுப் போனாரேடி!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். நான் மாவுக் கையோடு நின்றேன். அப்போதுதான் அது உன் குரல் என்று தெரிந்தது. ஒரு நொடி, அண்ணா, ஒரே ஒரு நொடி, அப்பா போய்விட்டார், எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை என்று நானும் நம்பினேன்.

கொட்டகைக் கதவைத் திறந்துகொண்டு அப்பா வந்தார். தோல் கோட்டுக்குள் இல்பிர்ஸின் தலை மட்டும் தெரிந்தது.

"யார்டா செத்தது?" என்றார்.

நீ அப்படியே முழங்காலில் விழுந்தாய். சதீர் பின்னாலிருந்து, "உங்களத்தான் புதைக்க வந்தோம் பெரியவரே, கொஞ்சம் தாமதமாயிடுச்சு" என்றான். கலிபா அக்கா அவன் முதுகில் ஒன்று வைத்தார். அப்பா உன் பக்கம் வந்து, உன் தொப்பியிலிருந்த பனியைத் தட்டிவிட்டார். அப்புறம் சொன்னார்:

"கத்தாத. இப்பதான் மருந்து கொடுத்தேன், தூங்கட்டும்."

எல்லோரும் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். எனக்கு மட்டும் அந்த ஒரு வாக்கியம் காதில் மாட்டிக்கொண்டது.

"என்ன மருந்து?" என்றேன்.

"என்ன மருந்துன்னா? எம் மருந்துதான்."

"உங்க மருந்தா?"

"முதுகுக்குக் கொடுத்தாங்களே, அந்தக் குளிகை. எனக்கு வலி குறைஞ்சுச்சு. இதுக்கும் அதே வலிதானே? காலையில தொழுகைக்கு எழுந்திருக்கும்போது எம் பங்குலேர்ந்து ஒரு சிட்டிகை பாலாடையில கொடுப்பேன். நீ ஊசி முனையில எடுத்துக் கொடுக்கற, அது எந்த மூலைக்கு? நீ குறைக்கக் குறைக்க நான் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தேன். மத்தியானமும் ஒரு சிட்டிகை."

அதே குளிகை, அண்ணா. நான் பிரித்துப் பொடியாக்கும் அதே குளிகை. ஆனால் லாரி ஓட்டிய உடம்புக்கு எழுதிக் கொடுத்த அளவு. நான் குறைத்தேன், அவர் கூட்டினார், நடுவில் அது பூட்சுக்குள் தலையை விட்டு நின்றது. மறுநாள் ஊசியோடு ஒருவர் வருவதாக இருந்தது.

நீ ஓலமிடாமல், "அப்பா எப்படி இருக்கார்?" என்று சாதாரணமாகக் கதவைத் தட்டியிருந்தால், அப்பா பூனையோடு கொட்டகையிலேயே இருந்திருப்பார். அதுவரை கொடுத்ததுபோல் எனக்குத் தெரியாமலே கொடுத்திருப்பார். இருபத்து மூன்றாம் தேதி வந்துபோயிருக்கும்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு, "உங்கப்பாவக் கூப்பிடுங்க" என்றார். அப்பா போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "சரிம்மா. சரி. இல்ல, நல்ல எண்ணத்துலதான். சரிம்மா" என்றார். சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்தாம், படிப்படியாகத்தான் இறக்க வேண்டுமாம். இப்போது விதி இதுதான்: மருந்து நான் மட்டும், பாலாடை அவர் மட்டும். கொடுப்பதற்கு முன் ஒருவரையொருவர் கேட்க வேண்டும். காலையில் அவர் "கொடுத்தாச்சா?" என்பார். நான் சொன்ன பிறகுதான் கிண்ணத்தை எடுப்பார்.

நேற்று இல்பிர்ஸ் அடுப்பிலிருந்து வாசல்வரை நேர்க்கோட்டில் நடந்தது. இன்று நடக்கவில்லை, மடங்கி உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் வலியா? மருந்து குறைந்ததால் வலியா, குளிரால் வலியா? டாக்டரம்மாவும், "பாக்கலாம்" என்கிறார். தெளிந்ததுபோல் இருந்தது, மறுபடியும் கலங்கிவிட்டது. எது அதன் வலி, எது நம் அன்பு என்று பிரித்துப் பார்க்க எனக்கு இன்னும் வரவில்லை.

நீ சொன்ன அந்த வார்த்தையைப் பற்றி அப்பா எதுவும் பேசவில்லை. நீ கேட்டாயா என்று எனக்குத் தெரியாது. இந்தப் பொட்டலத்தில் உலர்தயிர் உருண்டை இருக்கிறது. அவர்தான் கட்டினார்.

பேகிமாய்

*

கணவாய் நிலையம்
ஜனவரி 16

பேகி,

தினமும் ரேடியோவுல பனி அளவு படிச்சு முடிச்சதும் ஆபீஸ்காரர், "உங்கப்பா எப்ப செத்தார்?"னு கேக்கறார். மொத்தக் கணவாயும் சிரிக்குது. இவர்தான் அன்னைக்கு ரெண்டு தடவை நல்லாயிருக்கார்னு சொன்னவர். ஏன் ரெண்டு தடவைன்னு இப்ப கேட்டேன். முதல் தடவை இரைச்சல்ல கேட்டிருக்காதுன்னு நெனச்சாராம்.

நான் அந்த வார்த்தையப் பத்தி அப்பாகிட்ட கேக்கல. பனி வாரும்போது கேக்கலாம்னு இருந்தேன். அவரே, "உன் குரல் நல்லாத்தான் இருந்துச்சுடா. அந்தக் கலிபா புருஷனுக்கு அவன் மகன் இவ்வளவு சத்தமா அழமாட்டான்"னார். பெருமையாத்தான் சொன்னார். அதுக்கு மேல நான் எப்படிக் கேக்கறது?

உருண்டை வந்துச்சு. உப்பு அதிகம். அதைப் பூனைக்குக் கொடுக்க விடாத, சிறுநீரகத்துக்கு ஆகாது.

ஜோமார்த்

*

கணவாய் நிலையம்
ஏப்ரல் 12

பேகி,

நேத்து அப்பா வந்தார்.

ஜன்னல் வழியா பாத்தேன், சதீர் வண்டியிலேர்ந்து மூணு பேர் இறங்கறாங்க. அப்பா, கலிபா அக்கா புருஷன், நம்ம கால்நடை வைத்தியர். மூணு பேரும் நல்ல தொப்பி போட்டிருந்தாங்க. மூணு பேர் நல்ல தொப்பியில வந்தா என்னன்னு தெரியும். உன் பேரைச் சொல்லிடக் கூடாதேன்னு இருந்துச்சு.

உக்காந்தாங்க. தேநீர் ஊத்தினேன். பனியப் பத்திப் பேசினாங்க, சாலையப் பத்திப் பேசினாங்க. வைத்தியர் என் அடுப்பைப் புகழ்ந்தார். அப்பா கோப்பையைக் கவிழ்த்து வெச்சுட்டுத் தொண்டையைச் செருமினார்.

"நம்ம வீட்டுக் குதிரை ஒண்ணு நொண்டுதுடா"ன்னார்.

"நமக்கு ஏதுப்பா குதிரை?"

"இருக்குன்னு வெச்சுக்கோ."

வெச்சுக்கிட்டேன். கிழட்டுக் குதிரைன்னார். பின்னங்கால்ல ரொம்ப நாளா வலின்னார். மருந்து கொடுத்தோம், சிலது ஒத்துக்கல, சிலது அதிகமாப் போச்சு, அது எங்க தப்புன்னார். அப்புறம் சரியான அளவு கெடச்சுது, குளிர்காலம் முழுக்க வெயில் பட்ட இடமாப் பாத்து நடந்து போய்ப் படுத்துச்சுன்னார். மத்த ரெண்டு பேரும் தலைய ஆட்டினாங்க. எனக்கு எப்பவோ புரிஞ்சுபோச்சு. தலாய் மாதிரி முகத்தை மூடியிருக்கலாம். மூடல. முழுசாச் சொல்லட்டும்னு விட்டேன். குதிரை தீனி எடுக்காததச் சொன்னார், படுத்ததச் சொன்னார், தலையச் சாய்ச்சதச் சொன்னார். "எம் மடியிலதான்"னு சொல்லும்போது வைத்தியர் அவர் தோளப் பிடிச்சுக்கிட்டார்.

அப்புறம் நான் சொன்னேன், "நீங்க படுத்தா நான் மருந்து கொடுப்பேம்பா."

"எவ்வளவு கொடுக்கணும்னு தங்கச்சியக் கேட்டுட்டுக் கொடு"ன்னார்.

போகும்போது முதுகுக்கு என் தலையணைய வெச்சு அனுப்பினேன். வந்து சேர்ந்தாரா?

ஜோமார்த்

*

நாரின்
ஏப்ரல் 20

அண்ணா,

வந்து சேர்ந்தார். தலையணை இப்போது லாரி இருக்கையில் இருக்கிறது.

நான் எழுதிவிடுகிறேன் என்றுதான் சொன்னேன். "இதெல்லாம் காகிதத்துல சொல்ற விஷயமில்ல, நீ எழுதி ஒருதரம் பட்டது போதும்" என்று கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆகவே உனக்கு நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இல்பிர்ஸ் செவ்வாய்க்கிழமை காலை இறந்தது. கொட்டகைக்குப் பின்னால், வெயில் முதலில் விழும் இடத்தில், அப்பா தரையைக் கடப்பாரையால் உடைத்துக் குழி தோண்டினார். மண் இன்னும் உறைந்திருந்ததால் பாதி நாள் ஆயிற்று. உன் கம்பளிச் சட்டையில் சுற்றி வைத்தோம்.

மீதிக் குளிகைகளை அப்பாவின் பெட்டியில் சேர்த்துவிட்டேன். புதன்கிழமை காலை தொழுகை முடிந்து வந்து, கையில் பாலாடைக் கிண்ணத்தோடு, "கொடுத்தாச்சா?" என்று கேட்டார். கொடுத்தாச்சு என்றேன்.

பேகிமாய்